ஓசையின்றிப் புறப்பட்ட இன்னோவா

எங்கள் மஹல்லாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஒரு பெரியவரை வழியனுப்புவதற்காக, அவருடைய குடும்பத்தாருடன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் வரை செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஃபஜ்ரு தொழுகை முடிந்து இருள் முழுவதும் விலகாத வேளை. வாசலில் வெள்ளை நிற இன்னோவா ஒன்று நின்றிருந்தது. பெட்டிகளை ஏற்றி, துஆ ஓதி, அனைவரும் அமர்ந்து கதவைச் சாத்தினோம். பெரியவரின் மனைவி ஓட்டுநரைப் பார்த்து, “ஏன் தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகலியா?” என்று கவலையோடு கேட்டார். அதற்குள் வண்டி பள்ளிவாசலைக் கடந்திருந்தது.

ஓட்டுநர் சிரித்துக்கொண்டார். “எல்லாருமே முதல் நாள் இதைத்தான் கேட்கிறாங்க உம்மா” என்றார். அது 2022 நவம்பரில் அறிமுகமாகி, அடுத்த மாதம் விலை அறிவிக்கப்பட்ட ‘இன்னோவா ஹைக்ராஸ்’ என்னும் ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் வண்டி.

கார்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று வாசகர்கள் ஐயுறக்கூடும். நான் வரலாறு படித்தவன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். சொந்தமாக வைத்திருப்பது ஓர் இருசக்கர வாகனம் மட்டுமே. எனினும், கார் செய்வோரும் கார் ஓட்டுவோரும் நிறைந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்து 1998இல் சான்ட்ரோ வெளிவந்ததும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டதும் இவ்வூர்களின் முகத்தையே மாற்றிவிட்டன. ஏரிப்பாசனமும் நெல்வயலுமாக இருந்த இடங்களில் இன்று கண்ணாடி, டயர், இருக்கை, விளக்கு என்று ஒரு காரின் உறுப்புகள் அனைத்தும் தனித்தனி ஆலைகளில் பிறக்கின்றன. என்னிடம் ஓதும் பிள்ளைகளின் தந்தையரில் பலர் அந்த ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்பவர்கள்; எஞ்சியோரில் சிலர் அந்த ஆலைகளுக்கு வரும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டி உரிமையாளர்கள். ஆகவே, ஒரு புது வண்டி வந்தால் அதைப் பற்றிய பேச்சு மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிவாசல் திண்ணைக்கு வந்து சேராமல் இருப்பதில்லை.

இந்த வண்டியைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே இருந்தது. காரணம், அது இன்னோவா.

நம் குடும்பங்களின் பயண வரலாற்றை எழுதினால் அதில் ஒரு பாதி இவ்வண்டியின் வரலாறாகத்தான் இருக்கும். 2000ஆம் ஆண்டில் குவாலிஸ் வந்தது. பத்துப் பேர் ஏறினாலும் முனகாமல் ஓடிய வண்டி அது. 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தனர். நல்ல வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்று அன்று வருந்தாத ஓட்டுநர் இல்லை. 2016இல் கிரிஸ்டா வந்தது. நிக்காஹ் வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்துச் செல்வது, பிரசவத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீடு சேர்ப்பது, வளைகுடாவிலிருந்து வருபவரை விமான நிலையத்தில் எதிர்கொள்வது, நள்ளிரவில் நோயாளியைச் சென்னை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது ஆகிய எல்லாவற்றுக்கும் ‘ஓர் இன்னோவா சொல்லிவிடு’ என்பதே வழக்கமாயிற்று. அந்த நம்பிக்கைக்கு இரண்டு தூண்கள் இருந்தன. ஒன்று, டீசல் எஞ்சின். மற்றொன்று, லாரியைப் போலக் கனத்த இரும்புச் சட்டத்தின் மீது உடலை ஏற்றி வைத்த கட்டுமானம். 2022இன் புதிய வடிவமைப்பில் இரண்டுமே போய்விட்டன. டீசலுக்குப் பதில் இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சட்டமும் உடலும் ஒன்றேயான கட்டுமானம். பின்சக்கரங்களைத் தள்ளிய விசை இப்போது முன்சக்கரங்களை இழுக்கிறது. பெயர் மட்டும் பழையது.

பெயரை நம்பி வாங்கியவர்களுக்கு முதல் சில வாரங்கள் எப்படி இருந்தன என்பதைக் கேட்டறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. எங்களை ஏற்றிச் சென்ற ஓட்டுநரிடமே தொடங்கினேன். அவர் குவாலிஸ் காலத்திலிருந்து இத்தொழிலில் இருப்பவர். நானும் அவரைப் ‘பாய்’ என்றே அழைப்பேன்.

“முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை ஹஜ்ரத். வண்டி ஓடுற சத்தத்தை வச்சே அதுக்கு என்ன நோய்னு சொல்லிடுவேன். இதுல சத்தமே இல்லைன்னா நான் எதைக் கேட்பேன்?” என்றார். மருத்துவர் நாடி பிடிப்பதைப் போல எஞ்சினின் ஒலியைக் கேட்டே பழகியவருக்கு அந்த மௌனம் நிம்மதியைத் தரவில்லை, அச்சத்தையே தந்திருக்கிறது. ஒரு மாதம் கழிந்த பின்னரே மனம் அமைந்ததாம்.

குன்றத்தூர் கடந்து பல்லாவரத்தை நோக்கி நெரிசலில் ஊர்ந்தபோது அவர் எனக்கு முன்னாலிருந்த திரையைக் காட்டினார். சக்கரங்கள், எஞ்சின், பேட்டரி என மூன்று சிறு படங்கள், அவற்றுக்கிடையே அம்புக்குறிகள். பிரேக்கை மிதிக்கும்போது அம்பு சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் பாய்ந்தது. மெல்ல நகரும்போது பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குத் திரும்பியது. நெரிசலில் பெரும்பாலான நேரம் எஞ்சின் அணைந்தே இருந்தது. ஆனால், உள்ளே குளிர்சாதனம் நிற்கவில்லை. அதன் கம்ப்ரசரையும் மின்சாரமே இயக்குவதால் எஞ்சினின் தயவு அதற்குத் தேவையில்லை.

இதன் தத்துவம் எளியது. சாதாரணக் காரில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகம் முழுவதும் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்து வீணாகிறது. ஹைபிரிட் வண்டியில் அவ்வேளையில் மின்மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அந்த வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. மறுபடி புறப்படும்போது அதே மின்சாரம் வண்டியை நகர்த்துகிறது. எஞ்சின் மிகுதியாகப் பெட்ரோல் குடிப்பது புறப்படும் அந்த முதல் சில விநாடிகளில்தான்; அச்சுமையை மோட்டார் ஏற்றுக்கொள்கிறது. கிளட்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. பல்சக்கரத் தொகுதி ஒன்று எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் பிணைத்து, எது எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைக் கணினியின் சொற்படி பங்கிடுகிறது. ‘எங்கே சார்ஜ் போடுவது?’ என்று எல்லாரும் கேட்கிறார்களாம். சார்ஜ் போடவே இடமில்லை. பெட்ரோல் ஊற்றினால் போதும்.

பேட்டரியும் மின் காரில் உள்ளதைப் போல மிகப் பெரியதன்று. நிக்கல் வகையைச் சேர்ந்த 168 சிறு கலங்களின் தொகுதி. மின்சாரத்தால் மட்டுமே ஓடினால் சிறிது தொலைவில் தீர்ந்துவிடும். அது சேமிப்புக் கிடங்கன்று. வரவும் செலவுமாகக் கையில் புரளும் சில்லறைப் பணத்தைப் போன்றது.

இம்முறை புதிதுமன்று. 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘பிரியஸ்’ என்ற பெயரில் டொயோட்டா இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிற்கு 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் இறக்குமதியாக வந்தது. 2010இல் பிரியஸும் வந்தது. இறக்குமதி வரி அவற்றின் விலையை ஏற்றிவிட்டதால் செல்வர்களின் வாசலைத் தாண்டி அவை வரவில்லை. 2013இல் பெங்களூருக்கு அருகேயுள்ள பிடதியில் கேம்ரி ஹைபிரிட்டைப் பொருத்தத் தொடங்கினர். 2022ஆம் ஆண்டுதான் திருப்பம். ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இறுதியாக இந்த ஹைக்ராஸ் என நான்கு ஹைபிரிட் வண்டிகள் ஒரே ஆண்டில் நடுத்தரக் குடும்பத்தின் கண்ணெட்டும் தூரத்துக்கு வந்தன. கண்ணெட்டும் தூரம்தான்; கையெட்டும் தூரம் என்று நான் சொல்லவில்லை.

இவற்றில் எதுவும் எங்கள் வட்டாரத்தில் பிறந்ததன்று என்பது இங்குள்ள தொழிலாளரின் ஆதங்கம். ஒரகடத்தில் 2012 முதல் 2022 வரை டஸ்டர் வண்டியைச் செய்தவர்கள், அது நின்றபோது ஒரு பிள்ளையைப் பறிகொடுத்ததைப் போலப் பேசினார்கள். 2025இல் நிசானின் பங்கை வாங்கி ஆலையை முழுமையாகத் தனதாக்கிக்கொண்ட ரெனோ நிறுவனம், 2026 ஜனவரியில் புதிய டஸ்டரை வெளியிட்டபோது அதில் ஹைபிரிட் வகையும் வரும் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் மின்சாரக் கிரெட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்த ஹூண்டாயும் ஹைபிரிட் வண்டிகள் தன் திட்டத்தில் இருப்பதாக அதே ஆண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இச்செய்திகள் வெறும் கார்ச் செய்திகள் அல்ல.

உரிமையாளர்களின் பேச்சுக்குத் திரும்புவோம்.

ஆண்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார்கள். பெண்களும் முதியோரும் சொல்லும் முதல் வார்த்தை ஏறி இறங்குவதைப் பற்றியது. வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய என் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு இவ்வண்டியை வாங்கினார். அவருடைய தாயாருக்கு இரு முழங்கால்களிலும் வலி. பழைய வண்டியில் ஏறும்போது ஒருவர் கையைப் பிடிக்க, மற்றொருவர் பின்னாலிருந்து தாங்க வேண்டும். இதில் தாமே ஏறி அமர்ந்துவிடுகிறார் என்பதை அவர் மூன்று முறை என்னிடம் சொன்னார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். மூன்றாம் வரிசையில் பெரியவர்களும் கால் மடக்கி வதைபடாமல் உட்கார முடிகிறது என்பது அவர் மனைவியின் கருத்து. முன்பு அந்த வரிசை பிள்ளைகளுக்கென்றே விதிக்கப்பட்டிருந்தது. முன்னதைவிட முன், பின் சக்கரங்களுக்கிடையே உள்ள தூரத்தைப் பத்துச் செண்டிமீட்டர் கூட்டி 285 ஆக்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது அதன் காரணம் விளங்கியது.

ஆலைப் பொறியாளர் ஒருவரின் பார்வை வேறு. அவர் ஒரகடத்தில் வேறொரு நிறுவனத்தில் வேலை செய்பவர். கார்களைக் கழற்றிப் பார்த்தே பழகிய கண். “சட்டம் போயிடுச்சேன்னு பயப்படுறாங்க. உலகத்துல பெரும்பாலான கார்களுக்குச் சட்டம் கிடையாது. உடலே சட்டம். எடை குறையும், வளைவுல ஆட்டம் குறையும்” என்று விளக்கினார். பிறகு நேர்மையாக ஒன்றையும் சேர்த்தார். இவ்வகை ஹைபிரிட் வண்டிகளில் முந்திச் செல்வதற்காகத் திடீரென்று அழுத்தினால் எஞ்சின் உரத்த குரலில் கத்தும். சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் உடனே ஏறாததைப் போலத் தோன்றும். கியர் இல்லாத அமைப்பின் இயல்பு அது. மெல்ல மிதிப்பவருக்கு அந்தக் குரல் கேட்பதே இல்லை.

இனி, பணத்தின் கதை.

அறிமுகத்தின்போது ஹைபிரிட் இல்லாத தொடக்க வகை 18.30 இலட்சம், ஹைபிரிட் வகை 24.01 இலட்சத்தில் தொடங்கி 28.97 இலட்சம் வரை. பதிவும் காப்பீடும் தனி. ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்றும், வெறும் பெட்ரோல் வகைக்கு 16.13 என்றும் அறிவிக்கப்பட்டது. இவை சோதனைக் கூடத்தில் அளந்தவை. சாலையில் குளிர்சாதனம், சுமை, ஓட்டும் பழக்கம் எல்லாம் சேர்ந்து இதைக் குறைக்கும். நான் பேசியவர்கள் 16 என்றும் 17 என்றும் சொன்னார்கள். திருச்சி நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டும்போது குறைகிறது. சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் ஷிப்டு முடியும் நேரத்து நெரிசலில் கூடுகிறது என்று அவர்கள் சொன்னது எனக்கு வியப்பளித்தது. மற்ற வண்டிகளில் நெரிசல்தான் எண்ணெயைக் குடிக்கும், இதில் தலைகீழ்.

ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைபிரிட் 16, வெறும் பெட்ரோல் 11 என்று கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு மாதத்தில் ஏறக்குறைய 85 லிட்டர், அதாவது 8,500 ரூபாய் மிச்சம். இரண்டுக்கும் விலை வேறுபாடு ஐந்து இலட்சம் என்றால், ஐந்து ஆண்டுகளில் அது திரும்பிவிடும். அதே வண்டியை வெள்ளிக்கிழமை உறவினர் வீட்டுக்கும் விடுமுறையில் ஊருக்கும் என்று மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு மிச்சம் 1,700 ரூபாய்தான். ஐந்து இலட்சத்தை மீட்க இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! அதற்குள் வாங்கியவர் பாட்டனாராகிவிடுவார்.

என் உறவினரிடம் இக்கணக்கைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “உம்மா தானாக ஏறி உட்கார்றதுக்கு இதுல கணக்கு இல்லையே மச்சான்” என்றார். எனக்கு மறுமொழி இல்லை. அவர் வட்டிக் கடன் வாங்காமல் சேமித்த பணத்தில் வாங்கியவர். அதனால் அப்படிப் பேச முடிந்தது. மாதத் தவணையில் மாட்டிக்கொண்டவர்க்கு எரிபொருளில் மிஞ்சும் 1,700 ரூபாய் வட்டியின் ஒரு மூலைக்கும் காணாது. நம்மவரில் வட்டியை அஞ்சிப் பழைய கிரிஸ்டாவைக் கைமாற்றாக வாங்கி நிம்மதியாக இருப்போரும் பலர் உண்டு. டீசல் வேண்டுவோர்க்காகக் கிரிஸ்டாவையும் 2023இல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

பேட்டரி கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதுதான் திண்ணையில் எழும் அடுத்த வினா. எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. குடும்ப வண்டிக்கு இது போதுமானது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டியோ நான்கரை ஆண்டுகளுக்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கூடுதலாகக் கொடுத்த ஐந்து இலட்சம் திரும்பும் முன்பே உத்தரவாதம் முடிந்துவிடுகிறது. ஓட்டுநர் பாய் இதை அறிந்தே வாங்கியிருக்கிறார். “வெளிநாட்டில இதே மாதிரி வண்டி டாக்சியா ரொம்ப வருஷமா ஓடுதாமே ஹஜ்ரத்” என்றார். பிரியஸ் உலகின் பல நகரங்களில் வாடகைக் காராக உழைத்திருப்பது உண்மைதான். ஆயினும், அப்படிச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது பாதி நம்பிக்கை, பாதி துஆ.

அரசின் வரியையும் சொல்ல வேண்டும். மின்சாரக் காருக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. இத்தகைய பெரிய ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் 21 வரை மேல்வரியுடன் 43 விழுக்காடு. அதன் பின்னர் 40. எரிபொருளை மிச்சப்படுத்தும் வண்டிக்கும் மிச்சப்படுத்தாத வண்டிக்கும் ஏறத்தாழ ஒரே வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. முழுதும் எத்தனாலில் ஓடக்கூடிய ஹைக்ராஸ் மாதிரி ஒன்றை 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி அறிமுகப்படுத்தியதைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. கரும்பிலிருந்து எரிபொருள் எடுப்பது நல்லதா, அதற்கான நீர் எங்கிருந்து வரும் என்பவை தனியாகப் பேச வேண்டியவை.

இவையெல்லாம் வண்டிக்குள் அமர்ந்திருப்போரின் எண்ணங்கள். வெளியே நிற்பவனாகிய எனக்கும் ஒன்று உண்டு.

எங்கள் மதரஸாவின் சந்து குறுகலானது. மஃக்ரிபுக்கு முன் பிள்ளைகளை விடும்போது கிதாபை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நாள் மாலை, சந்துக்குள் நின்றிருந்த ஹைபிரிட் வண்டி ஒன்று பின்னோக்கி நகர்ந்தது. ஒலி சிறிதும் இல்லை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அதன் பின்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்து கொண்டிருந்தாள். நான் அவள் தோளைப் பற்றி இழுத்ததும் வண்டி நின்றதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன; அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நேரவில்லை. ஓட்டியவர் இறங்கி வந்து நடுங்கினார். அவர் மீது பெரிய பிழையில்லை. நம் பிள்ளைகள் தெருவைக் கண்ணால் பார்த்து நடப்பதைவிடக் காதால் கேட்டே நடக்கிறார்கள். பின்னால் வண்டி உறுமினால் ஒதுங்குவார்கள். உறுமாத வண்டிக்கு அவர்கள் பழகவில்லை. பார்வையற்றோரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்சார, ஹைபிரிட் கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் செல்லும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று 2019 ஜூலையில் புதிய வகைகளுக்கும், 2021 ஜூலையில் புதிதாக விற்பனைக்கு வரும் எல்லாக் கார்களுக்கும் விதித்தனர். எங்கள் ஜமாஅத்தில் நாங்கள் செய்தது சிறியது. மதரஸா விடும் அரைமணி நேரம் சந்துக்குள் எந்த வண்டியும் நகரக் கூடாது என்று பலகை வைத்தோம். பிள்ளைகளுக்கு ஒரு பாடமும் சேர்த்துக்கொண்டோம்: நிற்கும் வண்டியின் பின்னால் குனியாதே, முதலில் ஓட்டுநர் இருக்கையைப் பார். ஹைபிரிட் வைத்திருக்கும் மூவரும் சந்தில் நுழையும்போது கண்ணாடியை இறக்கிக் குரல் கொடுத்து வருகிறார்கள். எஞ்சின் பேசாததை அவர்கள் பேசுகிறார்கள்.

ஹாஜியார் திரும்பிய நாளில் அதே வண்டியில் சென்றோம். அவருடைய மனைவி இம்முறை வண்டி புறப்பட்டதா என்று கேட்கவில்லை. மூன்று வரிசையிலும் ஆட்கள் அமர்ந்தபின் ஜம்ஜம் கேன்களையும் பேரீச்சம்பழப் பெட்டிகளையும் எங்கே வைப்பது என்பதுதான் அவருக்குக் கவலை. ஓட்டுநர் பாய் பின்கதவைத் திறந்து, பார்த்து, மீண்டும் பார்த்து, இரண்டு பெட்டிகளை எங்கள் மடிக்கு அனுப்பினார். குவாலிஸாக இருந்தால் கூரைமேல் கட்டியிருப்பாராம்.